மூட்டைக்கு ஜாதகம் எழுதச் சொன்னவனுக்கு

கண்ணு,

இந்தக் கவரை ஒட்டாமல் அனுப்புகிறேன். வீட்டில் பசை தீர்ந்துபோய்விடவில்லை. உன் சென்னை ஆபீஸில் தபால் வாங்கி வைக்கிறவர்கள் எடுத்துப் படித்தால் படிக்கட்டும். நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது. இதையே ஒரு ஜெராக்ஸ் எடுத்து நம் வீதி முக்குப் பேக்கரியிலும் கொடுக்கப் போகிறேன், பப்ஸ் வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒட்டச் சொல்லி. உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரு கேலி அந்தப் பேக்கரியில்தான் ஊர் சுற்றப் புறப்பட்டது. ஊரே சிரிக்கச் சொன்ன பேச்சை, மூடிய கவருக்குள் வைத்துத் திருப்பி வாங்குவது எனக்கு யோக்கியமாகப் படவில்லை.

ஐந்தாவது படித்தவன் இத்தனை நீளம் எழுதுகிறானே என்று மலைக்காதே. மூன்று நாளாக எழுதுகிறேன். உங்கம்மா எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உயிலா எழுதறீங்க?" என்றாள். "ஆமா, உன்னைய யாரு பேருக்கு எழுதி வெக்கறதுன்னுதான் ரோசனையா இருக்குது" என்றேன். அதோடு அன்றைக்குச் சாயங்காலக் காப்பி நின்றுபோனது.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. பனியன் கம்பெனியில் மிச்சமாகிற துணியை என்ன செய்வது, சாயப்பட்டறைச் சேற்றை எங்கே கொண்டுபோவது, கூரை மேல் எத்தனை சோலார் தகடு போட்டால் எத்தனை மெஷின் ஓடும், இப்படி முதலாளிமாருக்கு யோசனை சொல்வது உன் வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டவரிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். "கன்சல்டன்டுங்க. அடுத்தவன் குப்பையை எட்டிப் பாத்து, இதை அங்க கொட்டு, அதை இங்க கொட்டுன்னு சொல்ற உத்தியோகமுங்க" என்பேன். அவர் சிரிப்பார். அவர் சிரித்ததும் சூடாக ஒரு டீ உள்ளே இறங்கின மாதிரி இருக்கும் எனக்கு. அதுதான் என் வியாதி. யோசித்துப் பார்த்தால் நானும் குப்பைக்காரன்தானே. பனியன் வெட்டும்போது கீழே விழுகிற துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, நிறம் நிறமாகப் பிரித்து, அதை மறுபடி பஞ்சாக்கி நூல் நூற்கிற மில்லுக்கு ஏற்றி விடுகிறவன். அதைத்தான் நீயும் படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிறாய். நான் செய்தால் வியாபாரம், நீ செய்தால் தமாஷ்.

உனக்கு நாலு வயதிருக்கும்போது குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். துண்டுக் குவியலில் ஏறி விழுந்து விளையாடி அங்கேயே தூங்கிவிடுவாய். வேர்வையில் சாயம் இறங்கி ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் பச்சையாக எழுந்து வருவாய். உன் கன்னத்தைப் பார்த்தே எந்த மூட்டையில் தூங்கினாய் என்று சொல்லிவிடுவேன். கொஞ்சம் பெரியவனானதும் நொய்யல் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்தச் சொல்வாய். தண்ணீர் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் செங்கல் நிறம். "ஏனுங்கப்பா, ஆத்தை யாருங்க தொவைப்பாங்க?" என்று கேட்டாய் ஒரு நாள். "உன்ற கல்யாணத்துக்கு வர்ற சம்பந்தியைத் தொவைக்கச் சொல்லலாம்" என்றேன். அதையும் பேக்கரியில் சொல்லிச் சிரித்தேன். பதிலே சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நீ கேட்ட கேள்விக்கெல்லாம் நான் சிரிப்பைத்தான் கொடுத்திருக்கிறேன்.

படிப்பு முடித்து, தனியாகத் தொழில் தொடங்குகிறேன் என்று நீ வந்தாயே, அந்த நாளைச் சொல்கிறேன். முதல் வேலையாக நம் குடோனையே பத்து நாள் சுற்றிச் சுற்றி அளந்தாய். எந்த மூட்டை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, தூசு எந்தப் பக்கம் பறக்கிறது என்று குறித்துக்கொண்டாய். ஒரு காலையில் ஸ்பைரல் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, மேஜையில் கிடந்ததையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, என் முன்னால் வைத்தாய். "அப்பா, இது உங்களுக்குத்தானுங்க. முதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாய். கம்பெனியிலேயே மூட்டை கட்டும்போது ஒரு சீட்டு எழுதிக் கட்ட வேண்டும், எந்தக் கம்பெனி, என்ன துணி, என்ன நிறம், பாலியஸ்டர் கலந்ததா, லைக்ரா கலந்ததா என்று. அது மில் வரைக்கும் மூட்டையோடு போக வேண்டும் என்றாய்.

குடோனில் அன்றைக்கு ஆள் நிறைய. துணி பிரிக்கிற மயிலாத்தா, லோடு ஏற்ற வந்தவர்கள், இரண்டு கட்டிங் மாஸ்டர்கள். எனக்குக் கூட்டம் கிடைத்துவிட்டால் வாய் நிற்காது. "அடேய், பொண்ணுக்குத்தான் ஜாதகம் கேப்பாங்க. இவன் சாக்கு மூட்டைக்கு ஜாதகம் எழுதச் சொல்றானுங்க!" என்றேன். கூரை அதிரச் சிரித்தார்கள். மயிலாத்தா விட்டுவைப்பாளா? "அப்ப மூட்டைக்கு மூட்டை பொருத்தம் பாத்துத்தானுங்க லோடு ஏத்தோணும்!" என்றாள். இன்னொரு ரவுண்டு சிரிப்பு. நான் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினேன். "ஜாதகம் இங்க இருக்குதுடா கண்ணு. தொட்டாப் போதும், எல்லாஞ் சொல்லிரும்" என்றேன். மற்றவர்கள் ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் என்றால் உருகி மணியாக நிற்கும். எனக்குத் தீக்குச்சிச் செலவே இல்லை என்பது ஊரறிந்த பெருமை.

அன்றைக்கு நீயும் சிரித்தாய். அதனால்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணு, உனக்கும் நாளைக்குப் பிள்ளைகள் பிறக்கும். கேலி செய்யாமல் உன்னால் இருக்க முடியாது, நீ என் ரத்தம். ஆனால் நீ கேலி செய்யும்போது உன் பிள்ளை சிரித்தால், உடனே நம்பிவிடாதே. கூட்டம் கலைந்த பிறகும் அவன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன், அந்த ஜாதகத்தைப் பேக்கரியில் சொல்ல வேண்டுமே.

அந்தப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. இங்கிலீஷில் இருக்கும், எனக்கு எதற்கு என்று நினைத்தேன். அந்தச் சமயம் ஒரு மூட்டை சரிந்து விழுந்து எடை மெஷினின் ஒரு கால் உடைந்துபோயிருந்தது. ஆடாமல் இருக்க எதையாவது அடியில் கொடுக்க வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது உன் புத்தகம். கனம் அளவெடுத்த மாதிரி இருந்தது. "இப்பத்தான் இந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு உபயோகம் வந்துருக்குது" என்று மயிலாத்தாவிடம் சொல்லிச் சிரித்தேன். ஒரு வாரம் கழித்து நீ குடோனுக்கு வந்தாய். எடை மெஷினைப் பார்த்தாய். "சரிங்கப்பா, நான் வரட்டுங்களா" என்றாய். டவுனுக்குப் போகிறாய் என்று நினைத்தேன். நீ சென்னைக்குப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நோம்பி, பண்டிகைக்கு வருவாய், ஒரு வேளை இருப்பாய், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பாய். பிறகு அதுவும் நின்றது. இப்போது திருப்பூருக்கு வேலையாக வருகிறாய், பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் யோசனை சொல்கிறாய், லாட்ஜில் தங்கிவிட்டுத் திரும்புகிறாய். எனக்குத் தெரியாது என்று நீயும் உங்கம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊத்துக்குளி நெய் டப்பா இருக்கிறதே, அது எனக்குச் சொல்லிவிடும். நான் தோசைக்குக் கேட்டால் "உங்களுக்குச் சர்க்கரை, கொழுப்பெல்லாம் இருக்குதுங்க" என்று ஒளித்து வைக்கிற டப்பா, திடீரென்று ஒரு நாள் பாதியாக இறங்கியிருக்கும். அன்றைக்கு உங்கம்மா நல்ல புடவை கட்டி, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, "தெரிஞ்சவங்க ஊட்டுப் புள்ளைக்கு வளைகாப்புங்க, போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்புவாள். ஒரே பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் மூன்று வளைகாப்பு நடத்திய வீடு கொங்குச் சீமையில் அது ஒன்றுதான். பொறுக்காமல் ஒரு நாள், "ஏனம்மிணி, அந்தக் கொழந்தைக்கு என்ன பேரு வெச்சாங்க?" என்று கேட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னும் வெக்கலீங்க" என்றாள்.

அவள் திரும்பி வந்து குளிக்கப் போனதும், நான் சமையலறைக்குப் போய் அந்தத் தூக்குப்போசியைத் திறந்து பார்ப்பேன். காலியாக இருந்தால், சாப்பிட்டிருக்கிறான் என்று மூடி வைத்துவிடுவேன். போன தடவை பாதிச் சோறு மிச்சம் இருந்தது. உனக்குக் காய்ச்சலா, போன வேலை சரியாக நடக்கவில்லையா, லாட்ஜில் வேறு ஏதாவது தின்றுவிட்டாயா? உங்கம்மாவிடம் கேட்க முடியாது, நான் எதுவும் தெரியாதவன். அந்த வாரம் முழுக்க எனக்கும் சோறு பாதிதான் இறங்கியது. மிச்சத்தை அன்றைக்கு நான்தான் சாப்பிட்டேன், அதையும் அவளிடம் சொல்லிவிடாதே. பேக்கரியில் ஒட்டப் போகிறேனே, அவளுக்கும் தெரிந்துவிடும். போகட்டும்.

இப்போது யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் கட்டை விரல் செத்துப்போய்விட்டது. பயப்படாதே, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உணர்ச்சிதான் இல்லை. சர்க்கரை வேலை என்று டாக்டர் சொன்னார். முதலில் சூடு தெரியவில்லை, பிறகு சட்டைப் பட்டன் தெரியவில்லை. ஒரு நாள் துணியைத் தேய்த்தேன், பருத்தியும் பாலியஸ்டரும் ஒன்றாகவே இருந்தன. யாரிடம் சொல்வது? ஊரெல்லாம் அந்த விரலைக் காட்டிப் பெருமை பேசியவன். தேய்த்துப் பார்க்கிற மாதிரி பார்த்து, குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு மாதம் ஓடியது. ஐந்தாவது மாதம் பல்லடத்து மில்லுக்குப் போன கறுப்பு லோடு முழுதாகத் திரும்பி வந்தது. பருத்தி என்று நான் கை வைத்துச் சொன்னதில் பாதிக்கு மேல் லைக்ரா கலந்தது. துணியைக் கிழித்துப் பஞ்சாக்குகிற மெஷினில் போய் ரப்பர் மாதிரி உருளையைச் சுற்றிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க மெஷின் நின்றுவிட்டது.

மில்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் பல்லடம் போனேன். நல்ல மனுசர், உட்கார வைத்து டீ சொன்னார். "விடுங்க, எல்லாத்துக்கும் நடக்கறதுதானுங்க" என்றார். பிறகு, "உங்க பையன் அன்னைக்குச் சொன்ன மாதிரி ஜாதகம் எழுதிக் கட்டியிருந்தா இந்த வம்பே இல்லீங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "எம்பையன் உங்ககிட்ட வந்தானுங்களா?" என்றேன். "வராமயா? தொழில் ஆரம்பிச்ச புதுசுல மொத ஆளா என்கிட்டத்தானுங்க வந்தான். வேஸ்ட் துணிக்குச் சீட்டு, மில் கூரைக்குச் சோலாருன்னு திட்டமெல்லாம் போட்டுக் கொண்டாந்தான். நான்தான், 'வாங்க ஜோசியரே, நம்ம மில்லுக்கு நல்ல நேரம் எப்பங்க பொறக்குது?'ன்னு கேட்டுப்போட்டேன். ஆபீஸே சிரிச்சுதுங்க. அவனும் சிரிச்சான். லேப்டாப்பை மூடிப்போட்டு, டீயைக் குடிச்சுப்போட்டு, போயிட்டு வரேனுங்கன்னு போயிட்டான்." இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், "நீங்க பேக்கரில சொன்ன தமாசுதானுங்களே" என்றார், தப்பு தன் மேல் இல்லை என்கிற மாதிரி. அவர் மேல் இல்லைதான்.

பஸ்ஸில் வரும்போது கணக்காக யோசித்தேன். நீ பல்லடம் போனதும், குடோனுக்கு வந்து எடை மெஷினைப் பார்த்ததும் ஒரே வாரமாகத்தான் இருக்க வேண்டும். வேலை கிடைக்காமல் திரும்பி, என்னிடம் ஏதோ சொல்லத்தான் வந்திருப்பாய். வந்த இடத்தில் உன் புத்தகம் மெஷின் காலுக்கு அடியில் கிடந்தது.

குடோனுக்கு வந்ததும் மெஷினைத் தூக்கச் சொல்லிப் புத்தகத்தை உருவினேன். அட்டையில் வட்டமாகத் தழும்பு. தூசியைத் தட்டித் திறந்தேன். கண்ணு, அது தமிழில் இருந்தது. முழுக்கத் தமிழ். எழுத்தை ஒரு விரல் கனத்துக்குப் பெரிதாக அடித்திருந்தாய், எனக்குக் கண்ணாடி தேட வேண்டியிருக்கக் கூடாது என்று. கஷ்டமான வார்த்தை வந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் பேனாவால் நம் பேச்சு வார்த்தையை எழுதியிருந்தாய். எனக்குப் புரிய வேண்டும் என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியதை, இங்கிலீஷ் என்று நினைத்துத் திறக்காமலே மெஷினுக்குக் கொடுத்திருக்கிறேன். நிறம் பிரித்த துணியில் நூற்கிற நூலுக்கு மறுபடி சாயம் தேவையில்லை, அந்த அளவுக்கு ஆற்றுக்குச் சாயத்தண்ணீர் குறையும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷமாக நிறம் பிரிக்கிறேன், நான் செய்கிற வேலையில் இப்படி ஒன்று இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆற்றை யார் துவைப்பது என்று நீ கேட்டதற்குப் பதிலை நீயே தேடி, அதில் எனக்கும் ஒரு பங்கு எழுதி வைத்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் குடோனின் படம். தூசு தட்டுகிற மெஷினைப் பின்பக்கம் தள்ளி, கிழக்கு ஜன்னலோரம் ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'அப்பா நாற்காலி - இங்கே தூசு வராது, இருமல் குறையும்' என்று எழுதியிருக்கிறாய்.

இப்போது அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இருமல் குறைந்துதான் இருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மூட்டைக்கெல்லாம் ஜாதகம் எழுத ஆரம்பித்துவிட்டோம். கம்பெனி கம்பெனியாக நானே போய்க் கட்டிங் மாஸ்டர்களிடம் சீட்டுக் கட்டுகளைக் கொடுத்தேன். "என்னங்க, நீங்களே ஜோசியர் ஆயிட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார். "பையன்கிட்ட வித்தை கத்துக்கிட்டேனுங்க" என்றேன். அவர் சிரித்தார், எனக்கு டீ குடித்த மாதிரி இல்லை. கம்பெனிகளில் மூட்டை கட்டுகிற ஒடிசாக்காரர்கள் அவர்கள் எழுத்திலேயே சீட்டு எழுதுகிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியவில்லை, நம்மிடம் வேலை செய்கிற அவர்கள் ஊர்க்காரர்கள் படித்துச் சொல்கிறார்கள். மயிலாத்தா மட்டும் அடங்கவில்லை. "ஏனுங்க, எல்லாம் சரிங்க, இந்த மூட்டைக்குச் செவ்வா தோஷம் இருக்குதான்னு எழுதவே இல்லீங்களே?" என்கிறாள். நான் ஆரம்பித்து வைத்தது, கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே ஒரு யோசனை நானும் சொல்கிறேன், கன்சல்டன்டுக்கே கன்சல்டன்டாக. யாராவது சிரித்தால் லேப்டாப்பை மூடிவிடாதே. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து இரண்டாவது விஷயத்தைச் சொல். என்னை மாதிரி ஆட்களுக்கு முதல் விஷயத்தில் வாய்தான் வேலை செய்யும், காது இரண்டாவதுக்குத்தான் திறக்கும். எனக்கு இரண்டாவதை நீ சொல்லவே இல்லை. சொல்ல நான் விடவில்லை.

நாளைக்கு இதைப் பேக்கரியில் படித்துவிட்டு எனக்கும் ஒரு பட்டப்பேர் வைப்பார்கள். 'செத்த விரல்' என்று வைப்பார்கள் என்று நினைக்கிறேன், நானாக இருந்தால் அதைத்தான் வைப்பேன். விரலை நம்பித் துணி கொடுத்தவர்கள் இரண்டு பேராவது விலகிப் போவார்கள். போகட்டும். 'ஜோசியர்' என்கிற உன் பட்டப்பேரை அங்கிருந்து எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்துத்தானே எடுக்க முடியும்.

அடுத்த மாதம் நம் வீதிக் கம்பெனிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு கழிவுத் திட்டம் போட நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். லாட்ஜிலிருந்து வந்தாலும் நம் குடோன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட மாட்டேன், அந்த உரிமையை மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டேன். உன்னிடம் யோசனை கேட்கிற ஒரு கம்பெனிக்காரனாகக் கூப்பிடுகிறேன். புத்தகத்தை உருவின நாளிலிருந்து அந்தக் காலுக்கு அடியில் நான் எதையும் வைக்கவில்லை. எடை மெஷின் ஆடுகிறது, எடை நிற்பதில்லை. தப்பு எடையில் வாங்கவும் விற்கவும் முடியாதே, ஒவ்வொரு மூட்டையையும் தள்ளுவண்டியில் ஏற்றிப் பக்கத்துக் குடோனுக்குக் கொண்டுபோய் எடை போட்டு வருகிறோம். "ஒரு செங்கல்லு வெச்சா முடிஞ்சு போச்சுங்க. எத்தனை நாளைக்குங்க இந்த ஊர்வலம்?" என்று மயிலாத்தா கத்துகிறாள். "கன்சல்டன்டு வந்து பாத்துத்தான் வெக்கோணும்" என்று சொல்லியிருக்கிறேன். "எப்பங்க வருவாரு?" என்று தினமும் கேட்கிறாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு, வருவாரு வருவாரு என்கிறேன்.

இதோ, இதை எழுதும்போதே ஒரு தள்ளுவண்டி மூட்டையோடு வெளியே போகிறது. சீக்கிரம் வா கண்ணு. பக்கத்துக் குடோன்காரர் மூட்டைக்கு ஒரு டீ கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா